நிலாவில் குச்சி பிடிப்பது யார்?

திருச்சியில் என் மேசை மேல் ஒரு கண்ணாடி இருக்கிறது. உள்ளங்கை அகலம், ஆரஞ்சு வண்ணத்தில் பிளாஸ்டிக் விளிம்பு, ஒரு ஓரத்தில் சின்னதாக ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ காரிலிருந்து கழற்றிய விளக்கு என்று நினைத்துக்கொண்டு கையில் எடுப்பார்கள். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பாருங்கள் என்பேன். பார்ப்பார்கள். கண்ணாடியின் நடுவில் அவர்களுடைய கண்ணே தெரியும். இப்படித் திருப்பினாலும் அப்படிச் சாய்த்தாலும் அந்தக் கண் நடுவை விட்டு நகராது. எந்தத் திசையிலிருந்து வெளிச்சம் வந்தாலும் வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் கண்ணாடி அது. நில அளவையில் அதைப் பிரிஸம் என்போம். இதே ஜாதிக் கண்ணாடிகளைத் தட்டு தட்டாக அடுக்கி, நிலாவுக்குப் போன மனிதர்கள் அங்கே மூன்று இடங்களில் வைத்துவிட்டு வந்தார்கள். இங்கிருந்து லேசர் அடித்தால் இரண்டரை விநாடியில் திரும்பி வருகிறது. என் பிரிஸம் பாலைவனத்தைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. ஆனால் அதை நிலாவோடு சேர்த்துவைத்த மனிதர் ஒருவர் உண்டு.

இரண்டாயிரத்து நான்கில் டிப்ளமோவைத் தூக்கிக்கொண்டு நான் சவுதிக்குப் போனேன். தம்மாமிலிருந்து உள்ளே வெகுதூரம் தள்ளி, குழாய் பதிக்கப் போகிற பாதையை அளக்கும் வேலை. முகாமில் நானூறு பேர் இருந்தோம். ஆனால் வேலை இடத்தில் இரண்டே பேர்தான். டோட்டல் ஸ்டேஷன் என்கிற அளவைக் கருவிக்குப் பின்னால் நான். அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் தள்ளி, பிரிஸம் மாட்டிய குச்சியைப் பிடித்துக்கொண்டு அவர். குச்சியில் ஒரு சின்னக் குமிழி இருக்கும். அது வட்டத்தின் நடுவில் நிற்கும்படி குச்சியை ஆடாமல் நட்டுக்குத்தலாகப் பிடிக்க வேண்டும். நான் பொத்தானை அழுத்துவேன், கருவியிலிருந்து கதிர் போய்த் திரும்பும், தூரம் தெரியும். அதுதான் ஒரு ஷாட். பிறகு வாக்கி-டாக்கியில் "அடுத்தது" என்பேன். அவர் நடப்பார். விடிந்ததிலிருந்து சாயங்காலம் நாலரை வரை இதுதான்.

அவர் அரியலூர்ப் பக்கம். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். முகாமில் இந்திக்காரர்கள் "பிரிஸம் பாய்" என்று கூப்பிட்டதில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளத் தாளோடு நின்றுபோயிற்று. நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். எத்தனை முறை சொல்லியும் அந்த சாரை அவர் விடவில்லை. "நீங்க மிஷின் பக்கம் நிக்கிறீங்க, நான் குச்சிப் பக்கம் நிக்கிறேன், அப்ப சார்தானே" என்பார்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு, வெளியில் யாருக்கும் தெரியாது. கருவியிலிருக்கும் தொலைநோக்கி முப்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டும். தூரத்தில் நிற்கும் மனிதனுக்கு நான் ஒரு புள்ளி. எனக்கோ அவர் முகம் தெருவின் எதிர்வீட்டு வாசலில் நிற்பவர் முகம் போலத் தெரியும். தன்னை ஒருவன் பார்க்கிறான் என்பது அவருக்குத் தெரியும், இவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறான் என்பது தெரியாது. அவர் தனியாகப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். யாரிடமோ வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் வேலைக்கு வந்த எனக்கு, அந்த வருடங்களில் அதிகம் பார்த்த முகம் மனைவியுடையது அல்ல, அவருடையதுதான். ஒரு சத்தமும் இல்லாமல் அசையும் உதடுகள், பின்னால் மணல். கேட்டுவிடலாமா என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். கேட்டால், பார்த்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

தினமும் நான்கு மணிக்கு அவர் ஒரு காரியம் செய்வார். குச்சியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி நின்று, எண்ணைப் போட்டு உடனே துண்டிப்பார். பிறகு திரையையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு நிமிடம், சில நாள் இரண்டு நிமிடம். திரை மின்னி அணையும். கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியைப் பையில் போடுவார். ஊரில் அப்போது ஆறரை மணி, விளக்கு வைக்கிற நேரம். மிஸ்டு கால் கொடுப்பது அந்தக் காலத்தில் எங்கள் எல்லோருக்கும் வழக்கம்தான். ஒரு மணி அடித்தால் சேமமாக இருக்கிறேன், இரண்டு அடித்தால் நீ கூப்பிடு என்று ஆளாளுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தோம். ஆனால் அவர் பேசி நான் பார்த்ததே இல்லை. ஒரு நாள் டீ குடிக்கும்போது நேராகவே கேட்டேன், வீட்டில் யாருக்கு என்று.

"பொண்ணுக்கு சார். பேச மாட்டா. ரிங் மட்டும் குடுப்பா" என்றார்.

மனைவி இறந்தபோது அவருக்கு அவசர விடுப்பு கிடைத்துப் போயிருக்கிறார். காரியங்கள் முடிந்து இருபதாம் நாள், பதினைந்து வயதுப் பெண்ணை அத்தை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. "நீ போனா இனிமே ஒங்கிட்ட பேச மாட்டேன்" என்று வாசலில் நின்று சொல்லியிருக்கிறாள். குழந்தைகள் சொல்வதுதானே என்று அவர் வண்டி ஏறிவிட்டார். அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். வாங்கிக் கொடுத்துவிட்டு வந்த போனில் எத்தனை முறை கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. ஒரு நாள் சலித்துப்போய் ஒரே மணியில் துண்டித்தார். அங்கிருந்து ஒரு மணி திரும்பி வந்தது. அன்றிலிருந்து இதுதான் தகப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு. ஒன்றரை வருடமாக ஒரு வார்த்தை இல்லை. "இருக்கான்னு தெரியுது சார். அது போதும்" என்றார். போதவில்லை என்பது எனக்குத் தெரியும், நான்தான் தினமும் பார்க்கிறேனே.

பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்த ஒரு சாயங்காலம், அவர் தலைக்குப் பின்னால் வெளிறிய நிலா மணல் மேட்டிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. தொலைநோக்கியில் அவர் தொப்பியும் நிலாவும் ஒரே வட்டத்துக்குள் வந்தன. சும்மா இருக்கமாட்டாமல் வாக்கி-டாக்கியில் சொன்னேன்: "அண்ணே, உங்களுக்குப் பின்னாடி நிலா. அங்கயும் ஒரு பிரிஸம் இருக்கு, தெரியுமா?" கருவி விற்றவர்கள் கொடுத்த கையேட்டின் முதல் பக்கத்தில் படித்தது. அவர் திரும்பி நிலாவைப் பார்த்தார். குமிழி எங்கேயோ போயிருக்கும். பிறகு வாக்கி-டாக்கி கரகரத்தது.

"அங்க யாரு சார் குச்சி புடிக்கிறா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. யாரும் பிடிக்கவில்லை, தரையில் வைத்துவிட்டு வந்துவிட்டார்கள், முப்பத்தைந்து வருஷமாக அதுவாக நிற்கிறது என்றேன். அவர் நம்பவில்லை. பத்து வருடம் குச்சி பிடித்தவருக்கு, ஆள் இல்லாத பிரிஸம் என்பது தாய் தகப்பன் இல்லாமல் பிறந்த பிள்ளை மாதிரி. குமிழி பார்க்காமல் எப்படி அளவு சரியாக வரும் என்றார். நம் பக்கம் பார்த்தாற்போல வைத்திருக்கிறார்கள், எப்படி அடித்தாலும் திரும்பி வரும் என்றேன். அடுத்த நாள் முதல் ஷாட்டுக்கு முன்பே அடுத்த கேள்வி வந்தது. "தூசி இருக்காதா சார்? யாரு தொடைக்கிறா?" அவர் தன் பிரிஸத்தை மணிக்கொருதரம் தலைத்துண்டால் துடைப்பார். துடைக்காவிட்டால் கதிர் மங்கும், கருவி முரண்டு பிடிக்கும். நான் பெரிய அறிவாளி போல, "அங்க காத்தே கிடையாதுண்ணே, தூசி எப்படிப் பறக்கும்? யாரும் தொடைக்க வேண்டாம்" என்றேன்.

அதற்குப் பிறகு நிலாதான் எங்கள் பேச்சு. நிலா வருடத்துக்கு ஒன்றரை அங்குலம் பூமியை விட்டுத் தள்ளிப்போவதை அந்தக் கண்ணாடிகளை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள் என்றபோது, "எங்க ஊரு வரப்புத் தகராறுல கூட இவ்வளவு பொடிக்கணக்குப் பாக்க மாட்டாங்க சார்" என்றார். வேறு கருவிகளும் அங்கே உண்டு, நிலாவின் தரை அதிர்வதைக் கேட்டுச் சொல்கிற பெட்டிகள், சில வருடம் ஒழுங்காகச் சேதி அனுப்பின, அப்புறம் இங்கிருந்தே அணைத்துவிட்டார்கள் என்று சொன்னேன்.

"ரிப்பேரா?"

"இல்லண்ணே, வேலை செஞ்சுகிட்டுதான் இருந்துச்சு. உக்காந்து கேக்கறதுக்கு இங்க ஆள் வைக்க முடியல."

குச்சியை அடுத்த புள்ளியில் நட்டார். பிறகு சொன்னார்: "காண்ட்ராக்ட் முடிஞ்சிருச்சுன்னு சொல்லுங்க."

நான் செய்த தவறு இதற்குப் பிறகுதான். அவருடைய கைப்பேசி மணலில் விழுந்து பழுதாகி, புதியதில் மகளின் எண்ணை நான்தான் போட்டுக் கொடுத்தேன். நில அளவைக்காரன் மண்டையில் எண் ஒட்டிக்கொண்டால் போகாது. ஒரு வெள்ளிக்கிழமை தம்மாமுக்குச் சாமான் வாங்கப் போனவன், டெலிபோன் கடையில் நுழைந்து அந்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிற எவனும் வேறெப்படி நினைப்பான்? தெரியாத எண் என்பதால் அவள் எடுத்தாள். உங்கள் அப்பாவோடு வேலை செய்கிறவன் என்றேன். "அப்பா தெனம் உன் மிஸ்டு காலுக்காக நிக்கிறாரும்மா. வந்ததும் கண்ணைத் தொடைச்சுக்கறாரு. நான் தொலைநோக்கியில பாக்கறேன். ஒரே ஒரு வார்த்தை பேசினா என்னம்மா?"

"அப்பா சொல்லச் சொன்னாங்களா?"

"இல்லம்மா, நானாத்தான்..."

வைத்துவிட்டாள்.

மறுநாள் நான்கு மணிக்கு அவர் மேட்டில் ஏறினார். ஒரு மணி அடித்துத் துண்டித்தார். திரையைப் பார்த்தார். நானும் தொலைநோக்கியில் பார்த்தேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். திரை மின்னவில்லை. இன்னொரு முறை அடித்தார். அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் முழுவதுமாக மணி அடிக்கவிட்டார், எடுக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை. அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டதில், நன்றாகத்தான் இருக்கிறாள், பள்ளிக்கூடம் போய்வருகிறாள் என்றார்களாம். அப்படியானால் வேண்டாம் என்றே விட்டுவிட்டாள் என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். சாப்பாட்டில் பாதியை மிச்சம் வைத்தார். குச்சி ஆடியது. அவர் கையில் குமிழி நடுவில் நிற்காமல் போனதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். நான் வாயைத் திறக்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது, ஆனால் சொல்லத் தைரியம் வரவில்லை.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, ரமலான் பிறை பார்க்க வேண்டுமென்று எங்கள் சூடானி ஃபோர்மேன் கேட்டார். சூரியன் முழுக்க இறங்கியதை உறுதி செய்துகொண்டு, மெஸ்ஸுக்கு முன்னால் முக்காலியை நட்டுக் கருவியை மேற்கே திருப்பினேன். நகம் வெட்டிப் போட்டது போல ஒரு கீற்று. ஃபோர்மேன் பார்த்து இரண்டு கைகளையும் ஏந்தினார். வரிசையாக எல்லோரும் வந்து கண் வைத்துப் பார்த்து, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு போனார்கள். கடைசியாக அவர் வந்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"நம்ம பிரிஸம் எங்க சார்? இந்த வெளிச்சத்துலயா?"

"இல்லண்ணே. இருட்டா இருக்கே, அந்தப் பக்கத்துல."

"ஒரு ஷாட் அடிச்சுப் பாருங்களேன்."

இந்தக் கருவி மூன்று கிலோமீட்டர்தான் தாங்கும் என்று அவருக்கே தெரியும். இருந்தும் கேட்டார். மறுக்க மனம் வராமல் பொத்தானை அழுத்தினேன். கருவி கொஞ்ச நேரம் தேடியது. பிறகு வழக்கமாகக் காட்டுவதைக் காட்டியது, சிக்னல் இல்லை. அவர் திரையைக் குனிந்து பார்த்தார். நான்கு மணிக்கு மேட்டில் நின்று பார்க்கிற அதே பார்வை. "அங்கேருந்தும் வரல" என்றார். பிறகு எனக்கு ஆறுதல் சொல்வது போல, "இருக்கறது இருக்கு சார். நம்ம மிஷினுக்கு எட்டல, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனார். அந்தக் குரலுக்குப் பிறகு என்னால் மறைக்க முடியவில்லை.

மறுநாள் காலை அவர் அறுநூறு மீட்டரில் நின்றிருந்தபோது வாக்கி-டாக்கியில் சொன்னேன். முகத்துக்கு நேராகச் சொல்லும் துணிச்சல் இல்லாததால் அப்படி. ஆனால் தொலைநோக்கியில் முகத்துக்கு நேராகத்தான் இருந்தார். மகளைக் கூப்பிட்டதைச் சொன்னேன். தினமும் அவர் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொன்னேன். அவர் என் பக்கம் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை இப்போதும் மறக்கவில்லை. அதில் கோபம் இல்லை, கூச்சம்தான் இருந்தது. பிறகு குச்சியை மெதுவாகச் சுழற்றி, பிரிஸத்தின் முதுகை என் பக்கம் திருப்பினார். தானும் திரும்பி நின்றுகொண்டார். கருவி கூவிக்கூவித் தேடியது. வெயில் ஏறிக்கொண்டே போனது. நான் "அண்ணே" என்று கூடக் கூப்பிடவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு தனியாக நான் எங்கும் நின்றதில்லை. முக்கால் மணி நேரம் கழித்துக் குச்சி திரும்பியது. தலைத்துண்டால் கண்ணாடியைத் துடைத்தார், குமிழியைப் பார்த்தார்.

"ஷாட் எடுங்க சார்" என்றார்.

அதற்குப் பிறகு அந்த விஷயத்தை நாங்கள் பேசவே இல்லை. அவர் விடுப்புக் கேட்டார். இந்தப் பகுதி முடியட்டும் என்றார்கள். பகுதி முடிந்தது, அடுத்த பகுதி முடியட்டும் என்றார்கள். ஒரு நாள் அலுவலகத்துக்குப் போய், "விடுப்பு வேண்டாம், எக்ஸிட் குடுங்க, கலாஸ்" என்று சொல்லிவிட்டு வந்தார். முடிந்தது என்பதற்கு அரபியில் சொல்கிற அந்த ஒரு வார்த்தையில் பத்து வருட வேலையை முடித்துக்கொண்டார். கிளம்பும் நாளில் வண்டியில் ஏறுமுன் என்னிடம் வந்து, பிரிஸத்தை வாங்கித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். "வர்றவன்கிட்ட சொல்லுங்க, மணிக்கொருதரம் தொடைக்கணும்னு." போய்ச் சேர்ந்து ஒரு மிஸ்டு கால் கொடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

மூன்று மாதம் ஒரு தகவலும் இல்லை. அவர் இடத்தில் ஒரு நேபாளி குச்சி பிடித்தார். நல்ல மனிதர், ஆனால் எங்களுக்குள் முன்னே, பின்னே, சரி என்பதற்கு இந்தியில் "ஆகே", "பீச்சே", "அச்சா" தவிரப் பேச்சில்லை. ஒரு சாயங்காலம் நான்கு மணிக்கு என் கைப்பேசி அடித்தது. திரையில் அவர் மகளின் எண். ஒரு மணியோடு நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. எடுத்தேன்.

"சார், நான்தான்... அவங்க பொண்ணு பேசறேன்." குரல் கொஞ்சம் தடித்திருந்தது. "அன்னிக்கு நீங்க சொன்னதுக்கப்புறம் ரிங் வந்தா அப்பா அழற மாதிரியே இருந்துச்சு சார். திருப்பிக் குடுக்க கை வரல. எடுக்கவும் பயமா இருந்துச்சு. கோவத்துல இல்ல. அத உங்ககிட்ட சொல்லணும்னு அப்பா சொன்னாங்க."

நேபாளியைப் பார்த்து, அப்படியே நில் என்று கையைக் காட்டினேன்.

"அப்பா மாடு கட்டிட்டு இருக்காங்க. அங்க நிலா தெரியுதான்னு கேக்கச் சொன்னாங்க."

நிமிர்ந்து பார்த்தேன். நேபாளியின் தலைக்குப் பின்னால் வெளிறிப்போய் நின்றது. தெரிகிறது என்றேன். "இங்கயும் தெரியுது சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவருக்காக மனம் நிறைந்துபோயிற்று, பொய் சொல்லவில்லை. ஆனால் அன்று நான் பார்க்க அந்த மேட்டில் யாரும் இல்லை.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் நான் ஊர் திரும்பும்போது, சில்லு பெயர்ந்து கழித்துப் போட்ட இந்தப் பிரிஸத்தைக் கேட்டு வாங்கிவந்தேன். சில மாதங்களுக்கு முன் ஒரு கட்டுரை படித்தேன். நிலாவிலிருக்கும் கண்ணாடிகள் இன்றும் வேலை செய்கின்றனவாம். ஆனால் திரும்பி வர வேண்டிய வெளிச்சத்தில் சிறு பங்குதான் வருகிறதாம். கண்ணாடி மேல் மெல்லியதாகத் தூசி படிந்திருக்கலாம் என்று சந்தேகப்படுகிறார்கள். காற்றே இல்லாத இடத்திலும் தூசி எப்படியோ எழும்பிப் படியுமாம். உடனே அவரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. நீங்கள் கேட்டதுதான் சரி, நான்தான் தெரியாமல் உளறினேன் என்று. மண்டையில் ஒட்டிய எண்ணைப் போட்டேன். உபயோகத்தில் இல்லை என்றது ஒரு பெண் குரல். அரியலூர் இங்கிருந்து இரண்டு மணி நேரம்கூட இல்லை. போய் விசாரித்திருக்கலாம், இன்னும் போகவில்லை.

என் மகன் பெங்களூரில் இருக்கிறான். நான் பாலைவனத்தில் இருந்தபோது பிறந்தவன். வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிடுவேன், அவன் அம்மா ரிசீவரை அவன் காதில் வைப்பாள், அவன் ஓடிவிடுவான். வைத்த இடத்தில் இருப்பான், எப்போது அடித்தாலும் திரும்பி வரும் என்றுதான் நானும் இருந்துவிட்டேன். அந்தக் கட்டுரையைப் படித்த அன்று ஆறரை மணிக்கு அவனுக்கு ஒரே ஒரு மணி அடித்துத் துண்டித்துவிட்டு, கைப்பேசித் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடம் கழித்துக் கூப்பிட்டான்.

"என்னப்பா, எமர்ஜென்சியா?"

"இல்லடா, சும்மாதான்."

"மீட்டிங்ல இருக்கேன்ப்பா. மெசேஜ் போடுங்க."

சரி என்று வைத்தேன். மேசையிலிருந்து பிரிஸத்தை எடுத்துத் துண்டால் துடைத்தேன். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன், என் கண்தான் தெரிந்தது. யாரும் துடைக்க வேண்டாம் என்று அன்றைக்கு அவ்வளவு நிச்சயமாகச் சொன்னவன் நான்தான்.